வாசகர் கேள்வி, வைத்தியர் பதில்: கொவிட் வந்து எழும்பிய பிள்ளையோடு விமானம் ஏறலாமா?

பாடசாலை விடுமுறை நெருங்க நெருங்க, திருகோணமலை மாவட்டத்தில் இருந்து வரும் கடிதங்கள் ஒரே விடயத்தைத்தான் சுற்றுகின்றன: ரிக்கெட் எடுத்தாயிற்று, பிள்ளைக்கு வருத்தம் வந்துவிட்டது, இனி என்ன செய்வது? அவற்றில் ஐந்தை எடுத்துக்கொண்டோம். முதற் கேள்விக்கான பதில் நீளமானது. மற்றவர்களும் அதை வாசித்துவிட்டுத் தங்கள் பதிலுக்கு வாருங்கள்.

கேள்வி: மகளுக்கு நாலு வயது, 14 கிலோ. போன வெள்ளி காய்ச்சல் தொடங்கியது. ஞாயிறு தனியார் ஆய்வுகூடத்தில் அன்டிஜன் பார்த்ததில் கொவிட் என்றார்கள். இப்போது காய்ச்சல் இல்லை, இருமல் மட்டும் இருக்கிறது. இன்னும் 16 நாளில் தம்பியின் கலியாணத்துக்கு ரொறன்ரோ போகிறோம், டோஹா வழியாக. பிள்ளைக்குக் கொவிட் ஊசி போடவில்லை. எங்காவது மறிப்பார்களா? பிசிஆர் எடுக்க வேண்டுமா? கணவர் வரவில்லை, நானும் பிள்ளையும் மட்டும்தான். – உப்புவெளி வாசகி

பதில்: கொவிட் ஊசி போடாத காரணத்துக்காக உங்கள் மகளை யாரும் மறிக்க மாட்டார்கள், சகோதரி. கனடா தன் எல்லையில் வைத்திருந்த தடுப்பூசி, பரிசோதனை விதிகள் எல்லாவற்றையும் 2022 ஒக்டோபர் 1ஆம் திகதி நீக்கிவிட்டது. பிரித்தானியா அதே ஆண்டு மார்ச் 18இலும், அவுஸ்திரேலியா யூலை 6இலும் விட்டுவிட்டன. வெளிநாட்டவர் தடுப்பூசி போட்டிருக்க வேண்டும் என்ற அமெரிக்க விதி 2023 மே 11ஆம் திகதியோடு முடிந்தது. உங்களுக்கு யாராவது ‘கொவிட் வந்து சுகமான சான்றிதழ் எடு, 11ஆம் நாளில் இருந்து 180 நாள் வரை செல்லும்’ என்று வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தால், அது ஐரோப்பிய ஒன்றியத்தின் பழைய விதி. அந்தச் சான்றிதழ் முறை 2023 யூன் கடைசியோடு முடிந்துபோனது. இலங்கையின் வழமையான தடுப்பூசி அட்டவணையில் நாலு வயதுப் பிள்ளைக்குக் கொவிட் ஊசி இல்லவும் இல்லை. ஆகவே நீங்கள் ஒன்றையும் தவறவிடவில்லை.

பிசிஆர் எடுக்காதீர்கள். யாரும் கேட்காத பரிசோதனை அது. தொற்று விட்ட பிறகும் கிருமியின் செத்த துணுக்குகள் மூக்கில் கிடக்கும். பிசிஆர் அவற்றையும் பிடிக்கும். சிலருக்கு 90 நாள் வரைகூட ‘பொசிற்றிவ்’ என்றே வரும். அந்தத் தாளை வைத்துக்கொண்டு நீங்கள் நித்திரை இழப்பதுதான் மிச்சம்.

நாட்கணக்கைப் பார்ப்போம். காய்ச்சல் தொடங்கிய வெள்ளியைப் பூச்சிய நாளாக எடுங்கள். சாதாரணமாகக் குணமாகும் பிள்ளை மற்றவர்களுக்குப் பரப்பும் காலம் பத்தாம் நாளோடு ஏறக்குறைய முடிந்துவிடும். நீங்கள் ஏறும்போது ஏறக்குறைய மூன்று வாரம் ஆகியிருக்கும். பரப்பும் பயம் இல்லை. இருமல் இன்னும் சில கிழமை இழுக்கலாம். அது மட்டும் பயணத்தை நிறுத்தக் காரணம் ஆகாது. பயணத்துக்கு முதல்நாள் பிள்ளையிடம் மூன்றைப் பாருங்கள்: பரசிற்றமோல் கொடுக்காமலே 24 மணித்தியாலம் காய்ச்சல் இல்லாமல் இருக்கிறாளா, வழமைபோல் சாப்பிட்டுக் குடிக்கிறாளா, ஓடி விளையாடும்போது மூச்சு வாங்காமல் இருக்கிறாளா. ‘பரசிற்றமோல் கொடுக்காமலே’ என்ற சொல்லைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். காலையில் மருந்து கொடுத்து, மத்தியானம் நெற்றியைத் தொட்டு, குளிர்ந்திருக்கிறது என்று வான் ஏறி, ஹபரணை தாண்டும்போது மருந்தின் வேகம் குறைந்து பிள்ளை மறுபடி கொதிக்கும்.

இனிச் சொல்லப்போவதைக் கவனமாக வாசியுங்கள். கொவிட் வந்து 2 முதல் 6 வாரத்துக்குள், நன்றாகக் குணமான பிள்ளைகளில் மிகச் சிலருக்கு உடல் முழுவதும் அழற்சி ஏற்படும் ஒரு நிலை வரலாம். எம்.ஐ.எஸ்.சி. என்று வைத்தியர்கள் சொல்வது இதைத்தான். ஒமிக்ரோன் வந்த பிறகு இது நன்றாகக் குறைந்துவிட்டது, ஆனாலும் இல்லாமற் போகவில்லை. உங்கள் கணக்கில் அந்த 2 முதல் 6 வாரத்தில் பெரும்பகுதி பயணம் தொடங்கிய பிறகுதான் வரும். கலியாண வீட்டில் பிள்ளைக்குத் திரும்பக் காய்ச்சல் அடித்தால், எல்லாரும் ‘குளிர் ஒத்துக்கொள்ளவில்லை’ என்றுதான் சொல்வார்கள். காய்ச்சலோடு வயிற்று நோ, வாந்தி, வயிற்றோட்டம், கண் சிவத்தல், உடலில் தடிப்பு, உதடும் நாக்கும் சிவந்து வெடித்தல், எழும்ப முடியாத சோர்வு, இவற்றில் எது சேர்ந்தாலும் அன்றைக்கே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். போனதும் சொல்ல வேண்டிய முதல் வசனம்: ‘இந்தத் திகதியில் இவளுக்குக் கொவிட் வந்தது.’ அதைச் சொல்லாவிட்டால் அங்குள்ள வைத்தியருக்கு அந்தத் திசையில் யோசிக்க நேரம் எடுக்கும். உங்கள் ஆய்வுகூடத் தாளைப் பத்திரமாக வைத்திருக்கச் சொல்வது இதற்காகத்தான். குடிவரவு அதிகாரிக்கு அந்தத் தாள் தேவையில்லை, வைத்தியருக்குத் தேவை. அதைக் கைத்தொலைபேசியில் படம் பிடித்து, கிளினிக் கொப்பியின் தடுப்பூசிப் பக்கத்தையும் படம் பிடித்து, இரண்டையும் தம்பிக்கு இப்போதே அனுப்பிவிடுங்கள்.

மருந்து அளவு. பரசிற்றமோல் ஒரு கிலோவுக்கு 15 மில்லிகிராம், ஆறு மணித்தியாலத்துக்கு ஒருதடவை, நாளுக்கு நாலு தடவைக்கு மேல் இல்லை. 14 கிலோவுக்கு 210 மில்லிகிராம் வரும். 5 மில்லியில் 120 மில்லிகிராம் உள்ள பாணி என்றால் 8.5 மில்லி கொடுக்கலாம். பிழை நடக்கும் இடம் இதுதான்: கடைகளில் 5 மில்லியில் 250 மில்லிகிராம் உள்ள பாணியும் கிடைக்கிறது. அதில் 4 மில்லி போதும். போத்தல் மாறியதைக் கவனிக்காமல் அதே 8.5 மில்லியை ஊற்றினால் இரண்டு மடங்கு போய்விடும். கனடாவில் வாங்கும் பாணியின் செறிவும் வேறாக இருக்கலாம். சமையல் கரண்டியை நம்பாதீர்கள். ஊசியில்லாத சிரிஞ் ஒன்றை எடுத்து, உங்கள் போத்தலுக்குரிய அளவில் பிளாஸ்டர் துண்டு ஒன்றைச் சுற்றி, இரண்டையும் ஒரே பையில் போட்டு வையுங்கள். அதிகாலை இரண்டு மணிக்கு, விமானத்தின் மங்கலான வெளிச்சத்தில், கணக்குப் பார்க்கத் தேவை வராது. கைப்பையில் 100 மில்லிக்கு மேற்பட்ட திரவம் கூடாது என்ற விதியில் பிள்ளையின் மருந்துக்கும் பாலுக்கும் விலக்கு உண்டு. ஆனால் பையை ஸ்கானில் விடுமுன் அவற்றை வெளியே எடுத்து நீங்களாகவே காட்ட வேண்டும்.

கணவர் வராததால் ஒரு கடிதம் தேவை. பிள்ளையின் பெயர், கடவுச்சீட்டு இலக்கம், போய்வரும் திகதி, தங்கும் முகவரி, தன் தொலைபேசி இலக்கம் எல்லாம் எழுதி, ‘தாயோடு பயணிக்கச் சம்மதிக்கிறேன்’ என்று ஆங்கிலத்தில் கணவர் ஒப்பமிட்டு, நொத்தாரிசிடமோ சமாதான நீதவானிடமோ உறுதிப்படுத்தித் தர வேண்டும். பிறப்புச் சான்றிதழின் மொழிபெயர்ப்பும் கூட இருக்கட்டும். தடுப்பூசியைப் பற்றிக் கேட்காத கனேடிய அதிகாரி இதைக் கேட்கக்கூடும்.

கட்டுநாயக்காவுக்கு முதல்நாளே போய்விடுங்கள். இங்கிருந்து கந்தளாய், தம்புள்ளை, குருநாகல் வழியே ஆறேழு மணித்தியாலம் வானில் குலுங்கி, வாந்தியெடுத்து, அப்படியே இரவு விமானம் ஏறினால் ஆரோக்கியமான பிள்ளையே வாடிவிடும். நீர்கொழும்பில் ஓர் இரவு நித்திரை கொண்டுவிட்டுப் போகட்டும். பயணக் காப்புறுதி எடுக்கும்போது கொவிட் வந்ததை மறைக்காதீர்கள். மறைத்து எடுத்த காப்புறுதி, வைத்தியசாலைப் பற்றுச்சீட்டை நீட்டும்போது கைவிட்டுவிடும்.

கேள்வி: வீட்டில் நாலு பேருக்குக் கொவிட். ஆறு வயது மகனுக்கும் மூன்று நாள் காய்ச்சல் அடித்து நேற்று விட்டுவிட்டது. அதுவும் கொவிட்தான் என்று டெஸ்ட் எடுக்கவில்லை. இன்னும் 13 நாளில் உம்றாவுக்குப் போகிறோம். மெனிஞ்சைட்டிஸ் ஊசி மகனுக்கு இன்னும் போடவில்லை. காய்ச்சல் வந்த உடம்பில் போடலாமா? – கிண்ணியா வாசகர்

பதில்: ஊசியைப் பிறகு பார்ப்போம். இந்தக் கடிதம் எழுதிய நிலையில் உங்கள் மகனுக்கு முதலில் தேவை முழு இரத்தப் பரிசோதனை. 2017இல் டெங்கு என்ன செய்தது என்பதைக் கிண்ணியாவுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. வீட்டில் நாலு பேருக்குக் கொவிட் என்பதால் ஐந்தாவது ஆளின் காய்ச்சலும் கொவிட்தான் என்று ஆகிவிடாது. கொவிட்டில் காய்ச்சல் விட்டால் பிள்ளை தேறுகிறது என்று பொருள். டெங்குவில் காய்ச்சல் விடும் நேரம்தான் இரத்தக் குழாயில் இருந்து நீர் கசியும் ஆபத்தான கட்டம் தொடங்கும் நேரம். இரண்டு நோய்க்கும் காய்ச்சல் இறங்குவதன் அர்த்தம் நேர் எதிரானது. ஆகவே வயிற்று நோ, வாந்தி, சிறுநீர் குறைதல், கைகால் குளிர்தல், தூங்கி வழிதல் ஏதாவது தெரிந்தால் இந்த இதழை மூடிவிட்டு வைத்தியசாலைக்குப் போங்கள். ஒன்றும் இல்லாவிட்டாலும் இன்றைக்கே இரத்தம் கொடுத்து, பிளேட்லட்டையும் பி.சி.வி.யையும் (இரத்தம் எவ்வளவு தடித்திருக்கிறது என்று காட்டும் அளவு) வைத்தியருக்குக் காட்டுங்கள். இபுபுரூபன் பாணி வீட்டில் இருந்தால் தொடவே வேண்டாம், அது டெங்குவில் இரத்தக் கசிவைக் கூட்டும்.

டெங்கு இல்லை என்று தெரிந்து, காய்ச்சலும் இல்லாவிட்டால் ஊசி போடத் தடை இல்லை. இலேசான இருமலும் சளியும் பரவாயில்லை. கொவிட் வந்தால் இத்தனை மாதம் மற்ற ஊசி போடக்கூடாது என்ற கதைக்கு ஆதாரம் இல்லை. உங்களுக்கு இடிக்கப்போவது திகதிதான். சவூதி அரேபியா ஒரு வயதைத் தாண்டிய யாத்திரிகர்களுக்குக் கேட்பது ஏ, சி, வை, டபிள்யூ 135 என்ற நாலு வகைக்கும் எதிரான மெனிங்கோகொக்கல் ஊசி. அங்கே போய் இறங்குவதற்குக் குறைந்தது 10 நாள் முன்பு போட்டிருக்க வேண்டும். உங்கள் கையில் இருப்பது மூன்று நாள்! கொழும்பு பொரளையில் உள்ள மருத்துவ ஆராய்ச்சி நிறுவகத்திலோ தனியார் வைத்தியசாலையிலோ ஊசி கையிருப்பில் இருக்கிறதா என்று முதலில் தொலைபேசியில் கேளுங்கள். கிண்ணியாவில் இருந்து வெறுங்கையோடு போய்வரும் தூரம் அல்ல. சான்றிதழில் எந்த வகை ஊசி என்று எழுதச் சொல்லுங்கள். ‘கொன்ஜுகேற்’ என்று இருந்தால் ஐந்து ஆண்டு செல்லும். வகை எழுதப்படாவிட்டால் மூன்று ஆண்டாகத்தான் எடுப்பார்கள். மூன்று நாளுக்குள் முடியாவிட்டால் பயணத்தைப் பின்போடுங்கள். பழைய திகதி போட்டுத் தரும் ஆட்களிடம் போகாதீர்கள். ஹரம் ஷரீபின் நெரிசலில் பிள்ளைக்குப் பாதுகாப்புத் தருவது உடம்பில் ஏறிய மருந்து.

கேள்வி: எட்டு வயது மகனுக்கு முட்டு வருத்தம் உண்டு. கொவிட் வந்து வார்டில் மூன்று நாள் ஒட்சிசனோடு இருந்தான். வீட்டுக்கு வந்து இரண்டு கிழமை. அடுத்த மாதம் மெல்பேர்ண் போகலாமா? – மூதூர் வாசகி

பதில்: போகலாம் என்று கடிதத்தைப் பார்த்துச் சொல்ல முடியாத ஒரே கேள்வி உங்களுடையது. விமானம் 35,000 அடியில் பறந்தாலும் உள்ளே இருக்கும் காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயர மலையில் இருப்பதற்குச் சமம். அதாவது நுவரெலியா அளவு உயரத்திலோ அதற்கு மேலோ பத்து மணித்தியாலத்துக்கு மேல் உட்கார்ந்திருப்பது போல. நல்ல நுரையீரலுக்கே அங்கே ஒட்சிசன் அளவு நாலைந்து புள்ளி இறங்கும். மூதூரில் கடல் மட்டத்தில் 97 காட்டும் பிள்ளை சமாளிப்பான். இங்கேயே 93 காட்டும் பிள்ளைக்கு மேலே கடினமாகிவிடும். பயணத்துக்கு இரண்டு கிழமை முன்பு சிறுபிள்ளை வைத்திய நிபுணரிடம் காட்டி, உட்கார்ந்திருக்கும்போதும் ஆறு நிமிடம் வேகமாக நடந்த பிறகும் ஒட்சிசன் அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். அண்மையில் ஒட்சிசன் எடுத்தவர் என்பதால் விமான நிறுவனத்தின் மருத்துவப் படிவத்தை வைத்தியர் நிரப்ப வேண்டி வரலாம். ரிக்கெட் எடுத்த இடத்தில் கேட்டு, அதை நேரத்தோடு அனுப்புங்கள். ஏறும் வாசலில் சொல்லி ஏறும் விடயம் அல்ல இது.

நீலப் பம்ப், அதில் பொருத்தும் ஸ்பேசர் குழாய் இரண்டும் கைப்பையில். பெட்டிக்குள் போட்டு அனுப்பினால் தேவைப்படும்போது அது உங்கள் காலுக்குக் கீழே சாமான் அறையில் கிடக்கும். பல நாள் பாவிக்காத பம்பை வீட்டில் குலுக்கி இரண்டு தடவை காற்றில் அடித்துப் பாருங்கள். முட்டு வந்தால் ஸ்பேசர் வழியே ஒரு தடவை அடித்து, ஐந்து மூச்சு இழுக்க விட்டு, பிறகு அடுத்தது, இப்படி நாலு முதல் ஆறு. எல்லாவற்றையும் ஒரேயடியாக அடித்தால் மருந்து ஸ்பேசரின் சுவரில்தான் ஒட்டும். இருபது நிமிடத்தில் குறையாவிட்டால் திரும்பச் செய்து, விமானப் பணியாளரிடம் உடனே சொல்லுங்கள், ஒட்சிசன் அவர்களிடம் இருக்கும். தினமும் பாவிக்கும் தடுப்புப் பம்பைக் ‘கொவிட் சுகமாகிவிட்டதே’ என்று நிறுத்த வேண்டாம்.

கேள்வி: குழந்தைக்கு ஏழு மாதம். எங்களுக்குக் கொவிட் வந்தது, குழந்தைக்கும் மூக்கடைப்பு இருந்தது. அடுத்த மாதம் லண்டன் போகிறோம். முகக்கவசம் எப்படிப் போடுவது? – நிலாவெளி வாசகர்

பதில்: இரண்டு வயதுக்குக் குறைந்த குழந்தைக்கு முகக்கவசம் போடவே கூடாது. மூச்சு அடைபட்டால் தானாக அகற்றத் தெரியாது. நீங்கள் இருவரும் போடுங்கள், குறிப்பாக வரிசையிலும் ஏறும் வாசலிலும். பறக்கும் விமானத்தில் காற்று வடிகட்டி வழியே மணிக்கு இருபது தடவைக்கு மேல் மாறும். நிலத்தில் நிற்கும் வரிசையில் அப்படி இல்லை.

குழந்தையின் காதைப் பாருங்கள். மூக்கடைப்பு விடாவிட்டால் விமானம் இறங்கும்போது காது வலிக்கும். மூக்கின் பின்புறத்தையும் நடுக்காதையும் இணைக்கும் குழாய் திறந்தால்தான் அழுத்தம் சமப்படும், விழுங்கும்போது அது திறக்கும். ஆகவே தரை தொடும் நேரத்தில் பால் கொடுத்துப் பயனில்லை. தரை தொடுவதற்கு அரை மணித்தியாலம் முன்பே விமானம் இறங்கத் தொடங்கிவிடும், அப்போதே நித்திரையை எழுப்பிப் பால் கொடுக்கத் தொடங்குங்கள். காதுக்குள் சீழ் வடிந்தாலோ, குழந்தை காதைப் பிடித்து இழுத்து அழுதாலோ முதலில் வைத்தியரிடம் காட்டுங்கள். நித்திரைக்கென்று சளிப் பாணி கொடுக்கும் வழக்கம் இந்த வயதில் மூச்சையே மந்தமாக்கும்.

இன்னொன்று: நம் நாட்டில் முதல் எம்.எம்.ஆர். ஊசி 9 மாதத்தில். ஏழு மாதக் குழந்தைக்குச் சின்னமுத்துக்கு எதிரான பாதுகாப்பு இன்னும் இல்லை. பயணிக்கும் குழந்தைக்கு 6 மாதத்துக்குப் பிறகு ஒரு மேலதிக ஊசி முற்கூட்டியே போடலாம். அது கணக்கில் சேராது; 9 மாதத்து ஊசியும் 3 வயது ஊசியும் வழமைபோல் போட வேண்டும். உங்கள் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் இதைக் கேளுங்கள்.

கேள்வி: ஐந்து வயது மகளுக்குப் பிறந்ததற்குப் பிறகு ஒரு ஊசியும் போடவில்லை. கணவர் ஜேர்மனியில். எங்களுக்கு விசா வந்துவிட்டது, இரண்டு மாதத்தில் போகிறோம். போன கிழமை மகளுக்குக் கொவிட் வந்து இப்போது சுகம். ஊசி இல்லை என்று அங்கே பள்ளிக்கூடத்தில் எடுக்கமாட்டார்களா? – தம்பலகாமம் வாசகி

பதில்: ஜேர்மனியில் 2020 மார்ச் 1ஆம் திகதி முதல் சின்னமுத்துத் தடுப்புச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. இரண்டு வயதைத் தாண்டிய பிள்ளைக்கு இரண்டு ஊசி போட்ட சான்று காட்ட வேண்டும். சிறுவர் பள்ளியில் சான்று இல்லாவிட்டால் சேர்க்கமாட்டார்கள். கட்டாயக் கல்வி வயதுப் பிள்ளையைப் பாடசாலை திருப்பி அனுப்ப முடியாது, ஆனால் பெற்றோருக்கு 2,500 யூரோ வரை அபராதம் விதிக்கலாம்.

இரண்டு மாதம் போதும், இந்தக் கிழமையே தொடங்கினால். உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் பிள்ளையைக் கூட்டிப்போய் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். பேச்சு வாங்குவோம் என்று பயந்து தள்ளிப்போட வேண்டாம், விடுபட்ட ஊசிகளைப் போடுவது அவர்களுடைய வேலைதான். முதல் நாளிலேயே எம்.எம்.ஆர்., முக்கூட்டு வகை, போலியோச் சொட்டு ஆகியவற்றை ஒன்றாகக் கொடுக்கலாம். இரண்டாவது எம்.எம்.ஆர்.க்குக் குறைந்தது 28 நாள் இடைவெளி வேண்டும். ஜப்பானிய மூளைக்காய்ச்சல் ஊசியும் உயிருள்ள வகை என்பதால் எம்.எம்.ஆர். போட்ட அதே நாளில் போட வேண்டும், அல்லது நாலு கிழமை கழித்து.

திகதி குறிக்கும்போது இன்னொன்றையும் பாருங்கள். எம்.எம்.ஆர். போட்டு ஏழாம் நாளில் இருந்து பன்னிரண்டாம் நாள் வரைக்குள் சில பிள்ளைகளுக்குக் காய்ச்சலும் இலேசான தடிப்பும் வரும். அது ஆபத்தில்லை, தொற்றவும் மாட்டாது. ஆனால் அந்தத் தடிப்போடு ஏறும் வாசலில் நின்றால் விமானப் பணியாளர் சின்னமுத்து என்று நினைத்து மறிக்கலாம். ஆகவே கடைசி ஊசிக்கும் பயணத்துக்கும் நடுவில் இரண்டு கிழமை விடுங்கள்.

கொவிட் சுகமானதால் தாமதம் தேவையில்லை. ஒரு விதிவிலக்கு உண்டு: முதற் பதிலில் சொன்ன அழற்சி நிலைக்காக வைத்தியசாலையில் இம்யூனோகுளோபுலின் ஏற்றியிருந்தால், எம்.எம்.ஆர்.க்கு 11 மாதம் காத்திருக்க வேண்டும், ஏற்றிய பிறபொருளெதிரிகள் ஊசியை வேலை செய்ய விடாது. அப்படி ஏற்றப்பட்ட பிள்ளை என்றால் வைத்தியரின் கடிதத்தை அந்த மருந்தின் பெயர், அளவு, திகதியோடு வாங்கிக்கொண்டு போய்ப் பாடசாலையில் காட்டுங்கள்.

போட்ட ஒவ்வொரு ஊசிக்கும் கொப்பியில் திகதி, தொகுதி இலக்கம், ஒப்பம், முத்திரை நாலும் விழுந்திருக்கிறதா என்று கிளினிக் கதிரையை விட்டு எழும்புமுன் பாருங்கள். முத்திரை இல்லாத பக்கத்துக்காக ஜேர்மனியில் இருந்து தம்பலகாமத்துக்கு ஆள் அனுப்ப வேண்டி வரும்.